தனியாகச் சாப்பிடாத நாய்

சீமைக்குக் கப்பலேறும் துரைமார்கள் தங்கள் நாய்களை விட்டுச்செல்லும் கொட்டகை ஒன்று எங்கள் தீவுத் துறைமுகமான ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே நாய்களுக்குச் சோறு வைப்பது என் வேலை.

ஒருநாள் நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துத் துரையின் நாய் வந்தது. என் தம்பியைத் தோட்டத்தைவிட்டே விரட்டிய துரை அவர். பெயரைக் கேட்டாலே எனக்குப் பயம். நாயோ தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறைச்சி போட்டேன், பால் ஊற்றினேன். ம்ஹூம்.

“பசிச்சா தானா திங்கும் லா, விடு தங்கச்சி” என்றார் காவல்கார அண்ணன். செத்துப்போனால் என் தலையில்தானே விடியும்?

மறுநாள் மத்தியானம், அலுப்பில் அதன் கூண்டருகிலேயே உட்கார்ந்து என் சோற்றைப் பிசைந்தேன். நாய் எழுந்து வந்து தன் தட்டில் வாய்வைத்தது. எனக்கு ஆச்சரியம். கையை நிறுத்திப் பார்த்தேன். அதுவும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது. நான் ஒரு வாய் சாப்பிட்டதும் அதுவும் தின்றது. யார் பழக்கியிருப்பார்கள்?

துரை திரும்பி வந்ததும் நாயின் விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு தோட்டத்துத் தமிழில் கேட்டார்: “இவன்கூட உக்காந்து சாப்பிட்டது யாரு?”

“நாந்தான் துரை.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். அவ்வளவு பெரிய பங்களாவில் அவரோடு சாப்பிட வேறு யாருமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பி விஷயத்தில் என் கோபம் இன்னும் ஆறவில்லை. பயம் மட்டும் அன்றோடு போய்விட்டது.