பூசாத பங்களா

"சுரண்டாதீங்க" என்று நான் சொல்வதற்குள் கொத்தனார் ஓர் அடி அகலத்துக்குச் சுரண்டிவிட்டார். பழைய வீட்டைப் பழையபடியே ஆக்கித் தரும் தொழிலில் பாதிப் பொழுது போவது, சுறுசுறுப்பாக வேலை செய்கிறவர்களை நிறுத்தச் சொல்வதில்தான்.

சுரண்டிய இடத்தில் ரோஸ் தெரிந்தது. அதற்கடியில் நீலம், அதற்கடியில் பச்சை, மறுபடியும் ரோஸ். ஒவ்வொன்றும் ஒரு தீபாவளிக்கு அடித்த சாயம். எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் கொங்கிரீட், அதை வார்த்த அச்சுப் பலகையின் ரேகைகளோடு. அதைப் படமெடுத்து அனுப்பியதும் எங்கள் ஆர்க்கிடெக்ட் தர்ஷினி மிஸ் கோலாலம்பூரிலிருந்து உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேனேஜர் பங்களா அது. சுதந்திரம் கிடைத்த சூட்டில், லண்டனில் படித்துத் திரும்பிய ஒருவர் வரைந்த வீடு. தட்டைக் கூரை, பூச்சில்லாத சுவர், ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கட்டடக் கலைப் புத்தகங்களில் படம் வந்திருக்கிறதாம். தோட்ட நிர்வாகம் அதைப் பழையபடி ஆக்கி விருந்தினர் பங்களாவாக நடத்த முடிவு செய்தது. மேற்பார்வைக்கு ஈப்போவிலிருந்து நான் வந்தேன். வீடு கட்டியோ, ஒழுகும் வீட்டில் குடியிருந்தோ நொந்துபோனவர்கள் மேற்கொண்டு படித்து ஆறுதல் அடையலாம்.

ஓடிப்போன கொத்தனார்

தோட்டத்தில் அந்த வீட்டுக்குப் பெயரே பூசாத பங்களாதான். கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் பாதியில் ஓடிவிட்டார் என்பது எல்லோரும் அறிந்த வரலாறு. யாரோடு ஓடினார் என்பதில்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் கருத்து வேறுபாடு. பாவம் பார்த்து வருஷா வருஷம் ஆளாளுக்குச் சாயம் அடித்து மூடிவைத்திருக்கிறார்கள்.

கோலா தெர்லாவிலிருந்து மணல் ஏற்றி வரும் லோரி குணாவுக்கு, இது வேண்டுமென்றே பூசாமல் விட்ட சுவர் என்று மிஸ் பொறுமையாக விளக்கினார். கல்லும் சிமெண்டும் தங்கள் சொந்த முகத்தைக் காட்ட வேண்டும் என்று வீட்டை வரைந்த ஆர்க்கிடெக்ட் நினைத்ததைச் சொன்னார். குணா சுவரைத் தடவிப் பார்த்தான். தலையை ஆட்டினான். மிஸ் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்தான்.

"அது சரிண்ணே, நம்ம காலத்துலயாச்சும் பூசி முடிச்சுக் குடுத்துருவோம். பாக்க சகிக்கல லா."

துரையின் படுக்கை

தட்டைக் கூரைக்கு மேலே யாரோ சிங்குத் தகரம் போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்த்த மாதிரி மூடியிருந்தார்கள். அதுதான் முதலில் போக வேண்டும் என்றார் மிஸ். இறக்கினோம். வீடு திடீரென்று அழகாகிவிட்டது. மலைச்சரிவின் மேல் ஒரு நேர்கோடு. நானே கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன்.

சாயங்காலம் மழை வந்தது. கேமரன் மலையில் மழை வராத சாயங்காலத்தை அந்த ஆர்க்கிடெக்ட் எங்கே பார்த்தாரோ தெரியவில்லை. ஹாலில் வாளி, அறையில் வாளி, வாளி தீர்ந்ததும் சட்டி. சட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் பார்வதி அக்கா. பங்களாவில் சமையல்காரராக வந்து, கடைசி மேனேஜர் புது வீட்டுக்குப் போன பிறகு காவலுக்கு என்று அங்கேயே தங்கிவிட்டவர். சட்டியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று மேலே பார்க்காமலே தெரிந்து வைத்தார். முதல் மேனேஜர் துரை காலத்திலும் இப்படியா என்று மிஸ் கேட்டார்.

"அவரு கட்டில இங்க போட்டு, அங்க போட்டு, கடைசியில பாத்ரூம்ல போட்டுப் படுத்தாராம் மிஸ். அங்க ஒண்ணுதான் ஒழுகலயாம்."

படத்தில் இல்லாதது

அக்கா இருப்பது பின்பக்கத்து ஸ்டோர் அறையில். அதை ஒட்டிப் பலகையும் சிங்குத் தகரமும் வைத்துக் கட்டிய சாய்ப்புதான் சமையலறை. தோட்டத்தில் எந்த லயத்து வீட்டின் பின்னாலும் இப்படி ஒன்று முளைத்திருக்கும். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை. அறை, சாமான் கொட்டிவைக்கத்தான் உதவும். மனுஷி இருக்க முடிவது அந்தச் சாய்ப்பால்தான்.

எங்கள் விதி எளிது. வீட்டை வரைந்தவரின் பழைய வரைபடத்தில் இருப்பது இருக்கும், இல்லாதது போகும். சாய்ப்பு இல்லை. அது போனால் அக்கா ரவாங்கில் மகனுடைய அடுக்குமாடிக்குப் போக வேண்டும். அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொருவருடைய ஜன்னல் என்று போகிற போக்கில் சொல்வார். என்னிடம் ஒருநாளும் நேராகக் கேட்டதில்லை. மிஸ் வரைபடத்தை மேசையில் விரித்தபோது தேத்தண்ணியை ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பெட்டி எது, அந்தப் பெட்டி எது என்று விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் கண்ணாடிக் கிளாசை நகர்த்தி வைத்தார்.

"நானுந்தான் இந்தப் படத்துல இல்ல. என்னைய எப்ப மிஸ் உடைப்பீங்க?"

மிஸ் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

கண்ணாடிக்கு எதிரே முனியாண்டி

ஹாலின் பெரிய கண்ணாடிக்கு நேர் எதிரே, தேயிலைச் சரிவின் விளிம்பில், அரிவாளோடு முனியாண்டி உட்கார்ந்திருந்தார். அவரும் வரைபடத்தில் இல்லை. வீடு கட்டிய பிறகு வந்தவர். காட்சியை மறைக்கிறார், பத்தடி தள்ளி வைக்க முடியுமா என்று நிர்வாகத்திலிருந்து செய்தி வந்தது. தள்ளி வைக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யார் என்பதில்தான் சிக்கல்.

குணாவிடம் சின்ன எக்ஸ்கவேட்டர் இருந்தது. துணிச்சலாக ஓட்டி வந்தான். பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு சுருட்டைப் பற்றவைத்து அவர் முன்னால் வைத்தான். கொஞ்ச நேரம் கைகட்டி நின்றான். பிறகு வந்த வழியே பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். போனில் கூப்பிட்டு என்னடா என்று கேட்டேன்.

"அவரு எந்திரிச்சாருன்னா சொல்லுங்கண்ணே, நான் வந்து எடத்த மாத்திடுறேன்."

நல்ல நாள்

தீபாவளிக்கு வேலையை நிறுத்திவிட்டு ஈப்போவுக்குப் போனேன். அதற்குள் முன்சுவர் முழுவதையும் சுரண்டி முடித்திருந்தோம். சாம்பல் நிறத்தில், பலகை ரேகைகளோடு, வரைந்தவர் நினைத்தபடி நின்றது.

திரும்பி வந்தபோது சுவர் ரோஸாக இருந்தது. ஏணி எட்டிய உயரம் வரை ரோஸ், அதற்கு மேலே சாம்பல். லயத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அக்கா ஒரே பகலில் முடித்திருந்தார். மீதிப் பெயிண்டில் முனியாண்டியின் பீடத்துக்கும் ஒரு கை. நான் மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுவருக்காகத்தான் இவ்வளவு வேலையும் என்று சொன்னேன். மிஸ் நாளைக்கு வருகிறார் என்பதையும் சொன்னேன். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபப்படுவாங்களா என்று கேட்டார். படுவாங்க என்றேன். உள்ளே போக எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார்.

"நல்ல நாளும் அதுவுமா வீட்ட அம்மணமா நிக்க வச்சிட்டுப் போனது நீதான தம்பி?"

ஒழுகாத இடம்

மிஸ் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த ரோஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எமல்ஷன் பெயிண்டா, எனாமலா என்று மட்டும் கேட்டார். கடையில் இருந்ததிலேயே மலிவானது என்றார் அக்கா. அப்படியானால் எமல்ஷன், மருந்து போட்டுக் கழுவினால் போய்விடும் என்று மிஸ் மூச்சை விட்டார். மழை வலுத்தது. நாங்கள் புதிதாகப் போட்ட நீர்த்தடுப்பையும் மீறி ஹாலின் மூலை சொட்டியது. வீட்டில் காய்ந்த இடம் அந்தச் சாய்ப்பு ஒன்றுதான் என்பதால், மணல் இறக்க வந்த குணா உட்பட எல்லோரும் அங்கே போனோம். பெரிய பாத்திரங்களை அக்கா ஏற்கெனவே ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டிருந்தார். முறுக்கையும் தேத்தண்ணியையும் பெட்டி மேலேயே வைத்துக் கொடுத்தார்.

மிஸ் ஒரு முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் சமையலறை என்று குறித்திருந்த உள்ளறைக்குப் போனார். அதற்குள் ஓர் ஆள் திரும்பினால் முட்டிக்கொள்ளும். புகை போக வழியில்லை. சட்டி வைக்க ஒரு தட்டுகூட இல்லை. மலையைப் பார்க்க மட்டும் அருமையான ஜன்னல். முறுக்கைத் தின்று முடித்துத்தான் வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"வரைஞ்ச மனுஷன் வாழ்க்கையில ஒரு முட்டகூட அவிச்சிருக்க மாட்டாரு. கெஸ்ட்டுங்களுக்கு எங்க வச்சு சமைச்சுப் போடுறது?"

எங்கள் தொழிலில் இடிக்கப்போகும் இடத்தைப் போட்டோ எடுப்போமே தவிர அளப்பதில்லை. ரோஸைக் கழுவ என்ன வாங்குவது என்று நானும் குணாவும் வாதாடிக்கொண்டிருந்தபோது மிஸ் பையிலிருந்து அளவு நாடாவை உருவி நுனியை அக்காவிடம் நீட்டினார், அக்கா கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதை வாங்கி, சாய்ப்பின் கூரை சுவரைத் தொடும் மூலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.