ஐந்தாவது கட்டம்

எங்கள் கல்லூரியின் இறுதிப் பருவத் தேர்வு முடிவுகள் முதன்முறையாக இணையத்தில் வெளியான ஜூன் மாதப் பிற்பகலில், கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே இருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றில்தான் இணைப்பு கிடைத்தது. சட்டக் கல்லூரி நேர்காணல் அடுத்த திங்கட்கிழமை. ஒரு பாடத்தில் தவறியிருந்தாலும் அங்கே எனக்கு இடமில்லை.

கூட்டம் நெருக்கவே, கடைக்கார அண்ணாச்சி என்னை நாற்காலியில் அமர்த்தினார்.

“பாப்பா, நீதான மேடையில பேசுதவ? நீயே சத்தமா வாசிச்சிரு. ஆளாளுக்கு எட்டிப் பாத்தா டேபிளு ஒடைஞ்சிரும்.”

மறுக்கத் தோன்றவில்லை. ஒலிபெருக்கி பழுதான பட்டிமன்றங்களிலும் கடைசி வரிசைவரை சென்ற குரல் என்னுடையது. பெருமிதத்தோடுதான் அமர்ந்தேன்.

பக்கம் வரி வரியாக இறங்கியது. பதிவு எண், அதற்கெதிரே பாடத்துக்கு ஒரு கட்டம். தேறியிருந்தால் மதிப்பெண், தவறியிருந்தால் ‘ஆர்.ஏ.’ என்ற இரண்டு எழுத்து. வணிகவியல் மாணவர்களின் எண்களை வாசித்தபோது வாசலில் ஒரே சிரிப்பு.

“ஏலே, செய்தி வாசிக்காவ, சத்தம் போடாதிய” என்றான் ஒருவன்.

பிறகு எங்கள் பொருளாதார வகுப்பு வந்தது. முதல் எண்ணுக்கு ஐந்தாவது கட்டத்தில் ஆர்.ஏ. அதற்குரியவன் வாசலில் செருப்பைத் தேடினான். அடுத்த எண்ணுக்கும் அதே கட்டம். அதற்கடுத்தது எங்கள் வகுப்பில் எப்போதும் முதலிடம் பெறும் பெண்ணுடைய எண். அவளுக்கும் அதே கட்டம். அது புள்ளியியல் தாள். அதைவிட எளிய வினாத்தாள் வராது என்று தேர்வறை வாசலில் நின்று அறிவித்தவள் நான். அன்று எவரும் மறுக்கவில்லை.

“ஏட்டி, நம்ம கிளாஸையே கவுத்துட்டானுவளா?” என் தோளைப் பற்றியிருந்த, இடைசெவல் கிராமத்துத் தோழி கேட்டாள். “அடுத்தது என் நம்பரு. மெதுவா வாசிட்டி.”

மெதுவாக வாசித்தேன். அவள் கை என் தோளிலிருந்து விலகியது.

இனி என் வரி. எண் மட்டும் வந்து நின்றது. அண்ணாச்சி மோடத்தைத் தட்டினார். வெளியே புழுதிக் காற்று கடையின் தகரப் பலகையை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு கட்டங்கள் நிறையத் தொடங்கின. முதல் நான்கும் உயர்ந்த மதிப்பெண்கள். அவற்றை வாசித்த அதே குரலில் ஐந்தாவதையும் வாசித்தேன்.

“அது யாரு நம்பரு, அக்கா?” வாசலிலிருந்து ஒருவன் கேட்டான்.

“என்னுது.”

கேட்டவன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

“எந்திரி தாயி, மிச்சத்த நான் வாசிக்கேன்” என்றார் அண்ணாச்சி.

“இருக்கட்டும் அண்ணாச்சி. நானே முடிச்சிருதேன்.”

எங்கள் வகுப்பின் கடைசி எண்வரை வாசித்தேன். ஐந்தாவது கட்டம் எவருக்கும் மாறவில்லை.

திங்கட்கிழமை நேர்காணல் நான் இல்லாமலே நடந்தது. கரிசலில் விதைப்பு முடிந்த பிறகு, அதே இணையதளத்தில் திருத்திய முடிவு வெளியாயிற்று. முழு வகுப்பும் தேறியிருந்தது. புள்ளியியலில்தான் எனக்கு ஆக உயர்ந்த மதிப்பெண். என்ன தவறு நேர்ந்தது என்று எங்கும் ஒரு வரிகூட இல்லை. சட்டக் கல்லூரியில் அப்போது முதற்பருவ வகுப்புகள் பாதி முடிந்திருந்தன.