சாம்பல் நிற மேகம்

அத்தானின் கைபேசியில் அன்று நான் பார்த்த படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. தெற்கே இலங்கைக்கு மேல் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு. எங்கள் கரையை ஒட்டிய கடலில் மங்கலான சாம்பல் கோடுகள். அக்காவின் கணவரான அவருக்கு நன்னிலத்தில் உரக்கடை. எப்போதோ ஒரு புயல் எங்கே கரையேறும் என்று குருட்டாம்போக்கில் சொல்லி அது பலித்துவிட்டதால், வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கி, தினமும் செயற்கைக்கோள் படம் போட்டு ஊருக்கு வானிலை சொல்லிவந்தார். படத்தைப் பெரிதாக்கும்போது அவர் இரண்டு விரல்களில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய வானிலை அறிவு மொத்தமும் இவ்வளவுதான்: வெள்ளையாக இருந்தால் மழை, இல்லாவிட்டால் வெயில். விடியுமுன் எடுக்கும் படம் மேகத்தின் நிறத்தைக் காட்டுவதில்லை, அதன் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது என்பது அந்த மேதைக்குத் தெரியாது. வெகு உயரத்தில் பனித்துகளாகப் பரவிய மெல்லிய மேகம் ஒரு சொட்டுகூடப் பெய்யாமல் பளீரென்று வெளுத்துத் தெரியும். வாடைக்காற்று கடலின் ஈரத்தை அள்ளி, நாற்று நட்டதுபோல வரிசை வரிசையாக ஓட்டிவரும் தாழ்ந்த மேகமோ, கடலைப் போலவே வெதுவெதுப்பாக இருப்பதால் சாம்பலாக மங்கிக் கிடக்கும். தை மாதத்தில் எங்களை நனைப்பது பெரும்பாலும் அதுதான். இந்தப் படங்களைப் படிப்பதுதான் எனக்கு உத்தியோகம். அப்போது விடுப்பில் வந்திருந்தேன்.

அம்மா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நட்டவள். அந்த வருடம்தான் சொந்தமாக வாங்கிய நிலத்தில் முதல் சம்பா அறுத்திருந்தாள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று எடுக்க மறுத்துவிட்டதால், நெல்லை அதன் வாசலிலேயே குவித்துப் படுதா போட்டு மூடியிருந்தோம். காலையில் அத்தான் பைக்கில் வந்து இறங்கி அந்தப் படத்தைக் காட்டினார்.

“அத்தை, சாட்டிலைட்டே சொல்லுது, மழையெல்லாம் சிலோன் பக்கம் போயிடுச்சு. படுதாவ எடுத்துட்டு ரோட்டுல பரப்பி விடுங்க. சாயங்காலம் எடை போட்டுடலாம்.”

“அத்தான், அந்தச் சாம்பல் கோடு...” என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

“சும்மா இருடி. மாப்பிள்ளை பேசிட்டு இருக்கும்போது என்ன குறுக்கால பேசுற?”

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சொல்லை யாரும் மறுப்பதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லோருக்குமே உப்பு இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். படுதாவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தது நான்தான்.

மதியத்துக்குள் கொட்டித் தீர்த்தது. வாரிச் சேர்ப்பதற்குள் பாதி நெல் வாய்க்காலோடு போனது. அடுத்த மூன்று நாள் வெயில் முகமே தெரியாததில் மிச்சமும் முளைவிட்டது. நான்காம் நாள் அத்தான் வந்து பார்த்தார். “சாட்டிலைட்டே ஏமாத்திடுச்சு அத்தை” என்றார். முழு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். இன்றைக்கும் அந்தக் குழுவில் காலை தவறாமல் படம் போடுகிறார்; ஊரும் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அவர் பைக் சத்தம் ஓய்ந்த பிறகு, அம்மா குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியிருந்தது.

“உனக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு?”

“நீதானம்மா சும்மா இருன்னு சொன்ன.”

“நான் சொன்னா? நான் சொன்னா சும்மா இருந்துருவியா? உன்னை எதுக்குடி படிக்க வச்சேன்?”