விழாத சீட்டு ஐம்பது

மூன்று நாள் என்னை வெயிலில் நடக்கவிட்டானே மாடக்கண்ணு, அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. சைக்கிள் களவு போய்விட்டது என்றான். கடையைச் சாத்திவிட்டு, தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டை கோர்ட்டு வாசல் வரைக்கும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு விடாமல் அவனோடு தேடினேன்.

தச்சநல்லூரில் எனக்கு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவேன், வாடகைக்கும் எட்டு வண்டி விட்டிருந்தேன். மாடக்கண்ணு பிளாஸ்டிக் குடம், வாளி விற்கிறவன். அவன் வண்டிக்குப் பின்னால் இரும்புச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்தது நான்தான். குடத்தையெல்லாம் கட்டிக்கொண்டு வந்தால் ஆள் தெரியாது. குடங்களே கூடி உருண்டு வருவதுபோல இருக்கும். குடத்துக்கு மாற்றாகப் போடும் பழைய அலுமினியப் பாத்திரத்தைக் கையில் தூக்கியே எடை சொல்லுவான். தராசில் வைத்தாலும் அதேதான் இருக்கும். அதனால் ராஜவல்லிபுரம் வரைக்கும் பெண்கள் அவன் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். அவன், பெண்டாட்டி பாலம்மாள், இரண்டு பிள்ளைகள், நாலு பேர் வயிறும் அந்த வண்டியில்தான் ஓடியது.

தொண்ணூற்றாறில் காசிலிங்கம் அண்ணாச்சி என் கடை முன்புறத்தில் பாதியை வாடகைக்கு எடுத்து லாட்டரிச் சீட்டு தொங்கவிட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு முடிவு போனில் வரும், சிலேட்டில் எழுதுவார். பரிசு விழாத சீட்டெல்லாம் என் கடைக்குள் பறந்து வரும். மாடக்கண்ணு அப்போது சீட்டு வாங்குகிறவன் இல்லை. காற்றடிப்பான், போவான்.

பிறகு அண்ணாச்சி ஓர் அட்டை மாட்டினார். விழாத சீட்டு ஐம்பது கொண்டுவந்தால் புதுச் சீட்டு ஐந்து இலவசம்.

"சும்மா கெடக்கதத்தான பெறக்குதேன்" என்று மாடக்கண்ணு என் கடைக்குள் குனிந்தான்.

"பெறக்கு வே. எனக்குக் கூட்டுத வேலை மிச்சம்" என்றேன். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்ய.

அந்த ஐந்தில் ஒன்றுக்கு நூறு ரூபாய் விழுந்தது. அதோடு தொலைந்தான். ஊரே சீட்டைக் கீழே போடுவதை நிறுத்தியது. அட்டையில் ஒரு வரி கூடியது: இந்தக் கடை முத்திரை வேண்டும். அடுத்த மாதம் இன்னொன்று: ஏழு நாளுக்குள் கொண்டுவர வேண்டும். முப்பது சேர்ந்து நிற்கும்போது விட மனம் வராமல் மிச்சத்துக்குக் காசு கொடுத்துப் புதுச் சீட்டே வாங்கினான். சிலேட்டைப் பார்த்து மற்றவன் மூஞ்சியெல்லாம் செத்துப்போகும். இவன் மட்டும் சிரிப்பான். "நாப்பத்தொண்ணு ஆயிட்டு, தில்லையண்ணே."

அவனுக்குக் கொடுக்காதீர் என்று காசிலிங்கம் அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இலவசமாக் குடுக்கேன், வாங்குதான். ஒமக்கு ஏன் வே வலிக்கி? ஒம்ம வாடகை எங்கேருந்து வருதுன்னு நெனைக்கீரு?"

ஆடி மாதம் மாடக்கண்ணுவின் வண்டி களவு போனது. தேடி அலுத்து, என் வாடகை வண்டியில் ஏழாம் நம்பரைச் சும்மாவே அவனிடம் கொடுத்தேன்.

ஐப்பசியில் தாழையூத்துக்காரர் ஒருவர் பஞ்சர் ஒட்ட வந்தார். பின்னால் நான் பற்றவைத்த சட்டம். என் கைவேலை எனக்குத் தெரியாதா. யாரிடம் வாங்கினீர் என்று கேட்டேன்.

"கொடக்காரர்ட்டதான். அவரே வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாரு. நல்ல மனுசன்."

தேடிய இரண்டாம் நாள், நான் களைத்துப்போய்விட்டதாகச் சொல்லி மாடக்கண்ணு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். அந்தக் காப்பியும் வண்டியை விற்ற காசுதான்.

தாழையூத்துக்காரர் வந்துபோன மறுநாள் மாடக்கண்ணுவே வந்தான். நான் விசாரித்ததை அவர் சொல்லியிருக்கிறார். ஏழாம் நம்பரைத் துடைத்து, காற்றடித்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். தோளில் ஒரு பை.

"ஏலே, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க செருப்ப மாட்டிக்கிட்டு, வாலே தேடுவோம்னுட்டிய. அதுக்கு மேல வாய் வரல."

"இத ஏன் நிறுத்துத?"

"ரெண்டு நாளா இதுக்கும் வெல கேட்டுக்கிட்டு இருக்கேன். வித்துருவேன். நீங்களே வச்சுக்கிடுங்க. நான் திருப்பூருக்குப் போறேன், பனியன் கம்பெனிக்கு."

வண்டியைத் திருப்பிக் கொடுத்தானே என்று ஒரு நிமிசம் மனசு இளகியது உண்மைதான். தெருமுனை வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினான்.

"இதுல நாப்பத்தாறு இருக்கு. நாளையோட ஏழு நாளு முடியுது. இன்னும் நாலு சீட்டு, விழாததாப் பாத்து வாங்கிச் சேத்து, அந்த அஞ்சையும் மாத்தி வச்சிருங்கண்ணே. பாலம்மாகிட்ட மட்டும் சொல்லிராதிய."