களத்தில் காய்ந்த பாடங்கள்

அந்த டிசம்பரில் முதல் காப்பிப் பழத்தைக் களத்தில் கொட்டிய அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தார், வாழவந்தியிலிருந்து கூலிக்கு வந்த அண்ணன் ஒருவர் இருந்தார். நான்தான் இல்லை. களத்தைப் பார்த்த அறைக்குள், சன்னலைச் சாத்திக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து, அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். படிப்பென்றால் அசையாமல் உட்காருவது. வீட்டில் எல்லோருக்கும் அதில் சந்தேகமே கிடையாது. சத்தம் கேட்குமென்று அம்மா மிக்ஸியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போய் அரைத்துக்கொண்டு வருவார். காயப்போட்ட பழத்தை நீளக் கம்பு மாட்டிய பலகையால் புரட்டிவிடுவது அதுவரை என் வேலை. புரட்டாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். எனக்குப் பதிலாக அதைச் செய்யத்தான் அந்த அண்ணன்.

ஒவ்வொரு புத்தகத்தையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மை பூசினேன். கடைசியில் மஞ்சள் இல்லாத வரியே இல்லை. தேர்வில் தோற்றேன்.

அப்பா திட்டவில்லை. “இன்னொருக்கா எழுது சாமி. அதும் ஆகலீன்னா எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறேன், போயிரு” என்றார்.

மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. வினாத்தாளை எடுத்து, சரியாக எழுதியவற்றை மட்டும் பார்த்தேன். முக்கால்வாசியும் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்ன விஷயங்கள். “இன்னிக்கு என்ன கண்ணு படிச்ச?” என்று கேட்பார், புத்தகம் கையில் இல்லாமல் சொல்லியாக வேண்டும். வாசித்ததெல்லாம் போய்விட்டது, சொன்னது நின்றிருக்கிறது.

அடுத்த சீசன் தொடங்கியதும், ஆள் வேண்டாம், களத்துக்கு நானே வருகிறேன் என்றேன்.

“படிச்ச பையனப் பலகை தள்ள உட்டனாக்க ஊரு என்ன சொல்லும்?”

“படிக்கறதுக்குத்தானுங்கப்பா வர்றேன்.”

எங்கள் களத்தில் ஒவ்வொரு நாள் பழமும் தனிப் பாத்தியாகக் கிடக்கும். புதுப் பாத்தியை அடிக்கடி புரட்ட வேண்டும். காயக் காய, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போதும். ஒரு பாத்திக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டேன். அன்றைய பழத்தைப் பரப்பும்போது அன்றைய பாடம். எந்தப் பாத்தியில் பலகை வைக்கிறேனோ, அதன் பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிக்கிக்கொண்டால் அந்த இடத்தை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். புதுப் பாடம் நாளெல்லாம் வாயில் கிடக்கும். பழைய பாடத்துக்கு அவ்வப்போது ஒரு புரட்டல்.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தமாதிரி இருக்கிறது. புத்தகத்தை மூடினால் பாதி இல்லை. ஆனால் அந்த எரிச்சல்தான் வேலை செய்கிறதென்று இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. வேலியோரம் போகிறவர்கள்தான் சும்மா இருக்கவில்லை.

“ஏனுங்க, பையன் காப்பிக்குப் பாடம் எடுக்கறானாட்ட இருக்குது?” என்று அப்பாவிடம் கேட்டார் ஒருவர்.

“எடுக்கட்டுங்க. அதாச்சும் பாஸாகட்டும்” என்றார் அப்பா. முகம் சுண்டிப்போயிருந்தது.

முதல் பாத்தி காய்ந்து மூட்டை கட்டும் நாள். அப்பா ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே கொட்டை கலகலத்தது. சாக்கைப் பிடித்தபடியே நிமிர்ந்து, “இதுக்கு என்ன பாடம்?” என்றார்.

“நதிகளுங்கப்பா.”

“பொஸ்தகத்த இங்க குடு.” வாங்கித் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டார். “இப்பச் சொல்லு.”

சொன்னேன். காவிரியில் வேகமாகப் போனவன் துணையாறுகளில் திணறினேன்.

“நொம்ப இழுக்கறயே. இன்னும் காயல. இது மறுக்கா களத்துக்குப் போகட்டும்.”

“எதுங்க, காப்பியா?” என்றார் அம்மா.

“பாடம்.”

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் தடுமாறாமல் சொன்னால்தான் சாக்கின் வாயைக் கட்டுவார். தடுமாறின பாடம் அன்று பரப்பும் புதுப் பாத்தியில் சேர்ந்துகொள்ளும். சீசன் முடிந்து களம் காலியான பிறகும் முறையை விடவில்லை. மிளகு உதிர்க்கும்போதும் வெறும் களத்தைப் பெருக்கும்போதும் சொன்னேன். தேர்வு அறையில் கேள்வியைப் படித்ததும், எந்தப் பாத்தி, களத்தில் எந்த மூலை என்பதுவரை கண்ணுக்குத் தெரிந்தது.

தேறினேன். வேலைக்கான உத்தரவும் வந்தது. ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நானும் அப்பாவும் பஸ்ஸுக்கு நின்றபோது, அன்று வேலியோரம் கேலி செய்தவரே அப்பாவிடம் வந்தார்.

“பையன் பாஸாயிட்டானாமா, சந்தோசமுங்க. கோச்சிங்குக்கு எத்தன செலவாச்சுங்க?”

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கோச்சிங்கெல்லாம் இல்லீங்க. மொத வருசம் இவன் ஊட்டுக்குள்ளயே உக்கோந்து படிக்கோணும்னு, களத்துக்கு ஒரு ஆளு வெச்சனுங்க. அதான் செலவு. பதினெட்டாயிரம்.”