ஸ்பெயினை உடைத்த வெங்காயம்

என் மூத்தவள் பிறந்தபோது அவளை நான் முதலில் பார்த்தது செல்போனில், அதுவும் தலைகீழாக. மச்சான் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா மாமா, தெரியுதா?" என்று கத்தினான். கால் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது பிரசவத்துக்காவது ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன் என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். ஆனால் துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி சூப்பர்வைசரின் சத்தியத்தை யார் மதிக்கிறார்கள்? புதுச் சூளை ஓடாமல் யாருக்கும் லீவு கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "நல்ல டைல் வெளிய வரட்டும், அன்னைக்கே டிக்கெட். அதுவரைக்கும் லீவு மாஃபி." மாஃபி என்றால் இல்லை. இங்கே வந்து நான் முதலில் கற்ற அரபிச் சொல் அதுதான்.

சூளையைப் பொருத்திக் கொடுக்க ஸ்பெயினிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மாட்ரிட்காரர் நெருப்பைப் பார்ப்பார். பார்சிலோனாக்காரர் டைலின் மேல் பூசும் நிறத்தைப் பார்ப்பார். நல்ல மனுஷர்கள்தான். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. ராத்திரிச் சாப்பாடு நாங்கள் குறட்டை விடும் நேரத்துக்கு. குட்மார்னிங் சொல்வதே வாய்க்கால் தகராறு மாதிரி இருக்கும். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றித் தின்பார்கள். கேஸ் விலை ஏறி ஊரில் சூளைகள் அணைந்துவிட்டன என்று புலம்புவார்கள். எது கெட்டாலும் ஐரோப்பாவுக்கே சட்டம் போடும் பிரஸ்ஸல்ஸைத் திட்டுவார்கள், தொழிலாளர் கேம்பில் தண்ணீர் வராவிட்டால் நாங்கள் ஆபீஸைத் திட்டுவதுபோல.

திடீரென்று ஒரு நாள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "சூடு அதிகம்னு அவர்கிட்ட சொல்லு" என்பார் ஒருவர். "பூச்சு தப்புன்னு அவர்கிட்ட சொல்லு" என்பார் மற்றவர். என் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் "உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னைத்தான் தூது விடுவார்கள். கடல் கடந்து வந்தும் அதே உத்தியோகம்! சந்தன நிறத்தில் வரவேண்டிய டைல் சாம்பல் பூத்து வந்தது. ஊரில் மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

என்னதான் பிரச்சினை என்று ரூமில் படுத்தபடி யூடியூபைத் திறந்தேன். 'உடைகிறதா ஸ்பெயின்?' என்று சிவப்பு எழுத்தில் ஒரு தமிழ் வீடியோ. பார்சிலோனா பக்கத்து ஜனங்களுக்குத் தனி மொழி உண்டாம். தனி நாடு வேண்டும் என்று அவர்களில் பலர் கேட்கிறார்களாம். தலைநகர் மாட்ரிட் முடியாது என்கிறதாம். அட, விஷயம் இதுதானா! எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் பார்சிலோனாக்காரரைத் தனியே அழைத்துப் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினேன். "உங்க வேதனை எனக்குப் புரியுது சார். எங்க ஃபோர்மேன் தினமும் 'இந்தியாக்காரன்தானே, ஹிந்தி தெரியாதா'ன்னு கேட்கிறான். மொழி உயிர்தான் சார். ஆனா டைல் முக்கியம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "என்ன வேதனை? அவன் ஆம்லெட்ல வெங்காயம் போடுறான்!"

கம்பெனி இருவருக்கும் ஒரே ஃபிளாட் கொடுத்திருந்தது, ஒரே அடுப்பு. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து அடை மாதிரித் தடியாகச் சுடுவார்களாம். அதில் வெங்காயம் உண்டா இல்லையா என்று நாடே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறதாம். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "வெங்காயம் இல்லாம ஆம்லெட்டா சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடும் பேசவில்லை. லீவு போச்சு என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேம்ப் மெஸ்ஸில் சாப்பிட இருவரையும் தனித்தனியே கெஞ்சிக் கூட்டி வந்தேன். மெஸ் நடத்தும் காயல்பட்டினத்து பாயிடம் முன்பே சொல்லியிருந்தேன்: "முட்டை, உருளைக்கிழங்கு, உப்பு. ஒரு பாதியில மட்டும் வெங்காயம். வேற எதுவும் வேணாம் பாய்."

"இது சாப்பாடா, காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிறதா?" என்றார் பாய். பாவம், விருந்தாளிகள் என்று மனசு கேட்காமல் பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டார்.

ஒரு வாய்தான். இரண்டு முகமும் ஒரே நேரத்தில் சிவந்தன. இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள், ஸ்பானிஷில், ஒருவரை ஒருவர் பார்த்து! தண்ணீர் குடித்துவிட்டு இருவரும் நேராக அடுப்படிக்குள் போனார்கள். ஒருவர் கிழங்கு சீவ, மற்றவர் முட்டை உடைக்க, வாய் ஓயவேயில்லை. பாய் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். "எனக்கே ஆம்லெட் சொல்லித் தர்றாங்கப்பா" என்றார் மனம் நொந்து. அவரைச் சமாதானப்படுத்தும் நிலையில் நான் இல்லை. என் கண் முழுக்க அந்த இருவர் மேலேயே இருந்தது.

அன்று சாயங்காலமே சூளைக்கருகே இருவரும் நேருக்கு நேர் கத்திக்கொண்டார்கள். என்னை ஒருவரும் சீண்டவில்லை. அந்த வாரமே சந்தன நிறத்தில் டைல் வந்தது. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நர்ஸம்மா மகனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது அவன் நேராக இருந்தான். தலை மேலே, கால் கீழே. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் மாமியாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியக் குழம்பில் கருவாடு போடலாமா கூடாதா என்று சண்டை. "உன் மாமியாகிட்ட சொல்லு" என்றாள் அம்மா. "உங்கம்மாகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். இரண்டு பேரும் நின்றது ஒரே அடுப்படியில்.

நான் நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். முட்டை, உருளைக்கிழங்கு, உப்பு, அவ்வளவுதான். தடியாக ஒன்று சுட்டு ஆளுக்கொரு துண்டு வைத்தேன்.

"என்னடா இது கண்றாவி!"

"என்ன மாப்பிள்ளை இது, சப்புன்னு!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நகருடா அங்கிட்டு" என்றாள் அம்மா. "நீங்க வெங்காயத்த உரிங்க சம்பந்தி, நான் மிளகாய நறுக்குறேன்" என்றார் மாமியார்.

உள்ளறையில் பிள்ளையோடு படுத்திருந்த மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்குத்தான் நேர்ல வாங்கன்னேன். போன்ல இத எப்படிச் சுடுவீங்க?"