எட்டில் ஒரு பங்கு

இன்று காலை இணைய இணைப்பு விற்கும் ஒருவர் என் வாசலில் நின்று, "நூறு ஸ்பீடு சாமி!" என்றார். "பிட்டா, பைட்டா?" என்று கேட்டேன். "ஏதோ ஒண்ணு சாமி, நூறு நூறுதானே!" என்று சிரித்தார். தீர்த்தம் பருகுமுன் சினம் கொள்வதில்லை என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட நெறி. அது உடைந்தது, கதவை அறைந்து சாத்தினேன்.

அந்தச் சிரிப்பை நான் முன்பே அறிவேன். திருப்பதியில் எழுத்தராக இருந்த நாட்களில், பேருந்து நிலையத்தின் அருகே ஓர் இணைய மையம் இருந்தது. ஈரக் கம்பள வாடையும் ஊதுவத்திப் புகையும் கலந்து மூச்சை முட்டும். சுவரில் இணைப்பின் வேகம் நொடிக்கு '512' என்று சிவப்பெழுத்தில் ஒரு பலகை.

ஒருநாள் நண்பகலில் சித்தூர் மருத்துவமனையில் என் தமையனாருக்குத் தொண்டையில் அறுவை. அதன்பின் குரல் இராது என்று சொல்லிவிட்டார்கள். கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் முப்பதாண்டுகள் சேவித்த குரல் அது. "சாத்துமுறை மட்டும் கோஷ்டியோட சேர்ந்து சொல்லிடறேன்டா, அப்புறம் அறுக்கட்டும்" என்றார். நிறைவுப் பாசுரங்களை எல்லாரும் ஒருங்கே சேவிக்கும் இடம் அது. அன்றைய காலைக் கோஷ்டியை முழுதும், ஒலிபெருக்கியில்லாத ஒரு சிறு கருவியில் பதிவு செய்தேன்.

உடனே பேருந்தேறியிருந்தால் பதினொன்றரைக்குச் சித்தூர் போயிருப்பேன். மையக்காரர் தடுத்தார். "இன்னாத்துக்கு சாமி பஸ்ஸு? தொண்ணூறு எம்பி, மூணே நிமிஷம்." நானும் வகுத்துப் பார்த்தேன், மூன்றுதான் வந்தது. கணக்கில் புலி என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர் வேறு!

பலகையில் இருந்தது பிட். என் பதிவின் அளவோ பைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், மூன்று நிமிடம் இருபத்துநான்காகும் என்பதை எந்தப் பலகையும் சொல்லவில்லை. ஒன்பது துண்டுகளாக்கி, ஒவ்வொன்றாக, மருத்துவமனையில் உடனிருந்த அண்ணாவின் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். முதல் துண்டிலிருந்தே தொடங்கினேன். பாசுர வரிசை பிறழலாமா?

"போய்க்கினே இருக்குது சாமி" என்றார் மையக்காரர். ஐந்தாம் துண்டு போனதும் மணி பத்து, அன்றாட மின்வெட்டு. "கரெண்ட் போயிந்தி!" எல்லாத் திரைகளும் இருண்டன. இனிப் பேருந்தேறினாலும் அவரை உள்ளே கொண்டுபோகுமுன் சேர முடியாது.

தொலைபேசியில் அண்ணாவின் குரல்: "சாத்துமுறை வரலையேடா?"

"நான் சொல்றேன், கூடவே சொல்லுங்கோண்ணா."

"நீ ஒருத்தன் கோஷ்டியாடா?" என்று சிரித்தார். பிறகு அவரை உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

சாத்துமுறை இருந்த ஒன்பதாம் துண்டை முதலில் அனுப்பியிருந்தால் போதும். இது என் மடமை; ஒப்புகிறேன். ஆனால் எட்டில் ஒரு பங்கைப் பெரிய எண்ணாக எழுதி மாட்டியவனை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை. பெருமாள் மன்னிக்கட்டும், அது அவன் பெருமை.

அதன்பின் நான்காண்டுகள் அண்ணா கோஷ்டிக்கு வந்தார். சாத்துமுறையில் உதடுகள் மட்டும் அசையும். பக்கத்தில் நின்ற நான், அவருக்கும் சேர்த்து உரக்கச் சேவிப்பேன். இப்போது அந்த உதடுகளும் இல்லை. என் வலப்புறம் வேறொருவர் நிற்கிறார், நல்ல குரல்தான். எனக்கு அது காதில் ஏறுவதில்லை.